மூடி திறக்க இரண்டு பேர்

அந்தக் குளிர்காலத்தில் ஷிமோதாதே தெருவில் காலை வணக்கம் சொல்லும் வழக்கமே நின்றுபோயிருந்தது. எதிரே ஆள் வந்தால், "உங்க பக்கம் எவ்வளவு?" என்றுதான் கேட்டார்கள். "இடுப்பு வரைக்கும்" என்றோ "அதை ஏன் கேக்குறீங்க" என்றோ பதில் வரும். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். டிசம்பர் நடுவில் பிடித்த பனி, பிப்ரவரி பிறந்தும் விட்டபாடில்லை. நாற்பது வருஷத்தில் இப்படிப் பெய்ததில்லை என்று தொலைக்காட்சியில் ஒரு பெண் வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் வீட்டு வாசலை யார் வாரினார்களோ தெரியாது.

தொமியேவின் வீட்டு வாசலை வாருவதற்குத் தொமியே ஒருத்திதான். வயது அறுபத்தொன்று. போதாததற்கு இந்த வருஷம் தெருத்தலைவி வேறு. அது பன்னிரண்டு வீட்டுக்கும் முறைவைத்து வருகிற பதவி. யாரும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற தலைவலியும் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பனியும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக வந்து அவள் தலையில் விடிந்திருந்தன.

குப்பை வைக்கிற இடம் பனிக்குள் புதைந்துவிட்டது என்று ஒரு போன் வரும். பனி வாரும் வண்டிக்காரன் எங்கள் வாசலில் மட்டும் ஏன் மலையாகக் குவித்துவிட்டுப் போகிறான், அவனுக்கும் எங்களுக்கும் என்ன பகை என்று இன்னொரு போன் வரும். வீடு வீடாகச் சுற்றிவர வேண்டிய அறிவிப்பு அட்டை ஐந்தாவது வீட்டுத் திண்டில் வைக்கப்பட்டு, கூரையிலிருந்து சரிந்த பனிக்கு அடியில் ஒன்பது நாள் கிடந்தது. அதற்கும் தலைவிதான் பொறுப்பு. "தலைவரம்மா, அட்டை வரலையே" என்று கேட்பவர்கள், அது எங்கே கிடக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் கேட்டார்கள்.

கணவர் எய்சாகு ஜனவரி ஏழாம் தேதி கூரைப் பனியைத் தள்ளப்போய், ஏணியிலிருந்து சறுக்கி இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து அடியில் சூடு வைத்த மேசைக்குள் காலை நீட்டி, கழுத்துவரை கனத்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஜன்னல் வழியாக மேற்பார்வை பார்க்கிறார்.

"இடது பக்கமா ஆரம்பிச்சிருக்கணும் நீ. அப்பதான் சரிவு கெடைக்கும்."

"அந்த டாக்டர் கைக்குக் கட்டு போட்டாரு. வாய்க்குப் போட மறந்துட்டாரு பாருங்க" என்பாள் தொமியே, பூட்ஸைக் கழற்றியபடி. கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டுவதற்குள் வாசலில் நான்கு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும்.

வாரின பனியைக் கொட்ட இடமில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு. இரண்டு வீட்டுக்கு நடுவில் இருந்த சந்துகள் ஜனவரியிலேயே நிரம்பிவிட்டன. ரோட்டில் கொட்டக்கூடாது. ஆகவே எல்லாரும் தெருவோர வாய்க்காலை நம்பித்தான் இருந்தார்கள். ரோட்டுக்கு அடியில் ஓடும் ஆளுயர வாய்க்கால் அது. இரண்டு வீட்டுக்கு ஒன்றாய் கனத்த இரும்புக் கம்பி மூடி. ஆற்றுத் தண்ணீரைப் பம்பு வீட்டிலிருந்து தெருவுக்குத் தெரு முறைவைத்து விடுவார்கள். ஷிமோதாதே தெருவுக்குக் காலை ஆறு மணியிலிருந்து ஆறு ஐம்பது வரை. அந்த ஐம்பது நிமிஷத்துக்குள் மூடியைத் திறந்து, கொட்ட வேண்டியதைக் கொட்டிவிட வேண்டும். தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும்.

அதற்கு இரண்டே சட்டம். தண்ணீர் வருமுன் கொட்டக்கூடாது. கொட்டினால் பனி உள்ளே இறுகி அணை கட்டிவிடும், பிறகு வருகிற தண்ணீர் யார் வீட்டுக்குள் ஏறும் என்று சொல்லமுடியாது. இரண்டாவது, ஒருவராகத் தனியே மூடியைத் திறக்கக்கூடாது. ஒருவர் கொட்டினால் இன்னொருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். எட்டு வருஷத்துக்கு முன் அடுத்த தெரு மீன்கடைக்காரர் தனியாகத் திறந்து, கால் வழுக்கி உள்ளே போனவர், நான்காம் நாள் ஆற்று மதகில்தான் கிடைத்தார். அதற்குப் பிறகு யாரும் அந்தச் சட்டத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

தொமியேவின் மூடிக்குக் கூட்டாளி பக்கத்து வீட்டுத் தொகுஜி. எழுபத்திரண்டு வயது, மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மக்கள் தொலைவில். ஆயுள் முழுக்க ரயில்வேயில் லெவல் கிராசிங் பார்த்த மனிதர். வேலை போயும் பழக்கம் போகவில்லை. கையுறை மாட்டின விரலை நீட்டி உரக்கச் சொல்லாமல் ஒரு காரியம் செய்யமாட்டார். "மூடி திறந்தாச்சு, சரி!" "காலடி ஊன்றியாச்சு, சரி!" "மூடி மூடியாச்சு, சரி!" தினம் விடியற்காலையில் இதைக் கேட்டுக்கேட்டுத் தொமியேவுக்குக் காது புளித்துவிட்டது. அவளும் கூடவே சொல்லவேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. உதட்டை அசைத்துவைப்பாள்.

இவ்வளவையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்கு ஒரே காரணம் இருந்தது. பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை. பள்ளித் தோழிகள் ரெய்க்கோ, மசுயே, இவள், மூவருமாக மலைமேல் உள்ள வெந்நீர் ஊற்று விடுதியில் ஓரிரவு. நவம்பரிலேயே இடம் சொல்லிவைத்தாயிற்று. போன வருஷம் மாமியார் திவசம் என்று போகவில்லை. அதற்கு முந்தின வருஷம் எய்சாகுவுக்குக் காய்ச்சல். இந்த வருஷம் வானமே இடிந்தாலும் போவது என்று இருந்தாள். அவளுக்கு விருந்துகூட முக்கியமில்லை. சூடான தண்ணீரில் கழுத்துவரை அமிழ்ந்து, ஒரு விடியற்காலை, ஒரே ஒரு விடியற்காலை, எழுந்திருக்காமல் தூங்கவேண்டும். பூட்ஸ் மாட்டக்கூடாது. மூடி, சரி என்ற சத்தம் காதில் விழக்கூடாது. இதை நினைத்துத்தான் ஜனவரி முழுக்க ஒவ்வொரு நாளையும் தள்ளினாள்.

விடுதி பஸ் ஸ்டேஷன் வாசலிலிருந்து எட்டு ஐந்துக்குக் கிளம்பும். வெள்ளிக்கிழமை மாலை வானிலை அறிக்கை கேட்டாள். இரவுக்குள் அறுபது சென்டிமீட்டர் என்றார்கள். எய்சாகு மேசைக்குள்ளிருந்தபடி, "பேசாம ரெய்க்கோவுக்குப் போன் பண்ணி இன்னொரு நாள் வச்சுக்கலாம்னு சொல்லிடேன்" என்றார்.

"இன்னொரு நாள்னா எது? ஜூலையிலயா?" என்றாள். அவள் சொன்ன விதத்தில் அவர் போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு அவள் கதவைத் திறந்தபோது கதவு பாதிதான் திறந்தது. அறிக்கையில் சொன்னதைவிட அதிகம். பனி வாரும் வண்டி அதற்குள் வந்துபோயிருந்தது. ரோட்டுப் பனியை ஓரம் தள்ளினபோது கல்லாய் இறுகின கட்டிகளை அவள் வாசலில் மார்பளவுக்குச் சுவராய் அடுக்கிவிட்டுப் போயிருந்தது. இதை வார இரண்டு மணி நேரம் வேண்டும். ஆறிலிருந்து ஆறு ஐம்பதுக்குள் பாதிகூட ஆகாது. மீதியை அப்படியே விட்டுவிட்டுப் போனால், கட்டுப்போட்ட கையோடு எய்சாகு இறங்கி வாருவார், மறுகையையும் முறித்துக்கொள்வார். இருபத்தைந்து நிமிஷ நடை ஸ்டேஷனுக்கு. குளிக்கவேண்டும், அவருக்கு இரண்டு வேளைக்கு ஆக்கிவைக்கவேண்டும்.

தள்ளுமுறத்தை எடுத்தாள். முறத்தைப் பெரிதாக்கி, கைப்பிடி வைத்து, சக்கரமில்லாமல் செய்த தகரச் சாமான் அது. நிறைத்துத் தள்ளினால் பனிமேல் வழுக்கிக்கொண்டு போகும். வாய்க்கால் ஓரமாகக் குவித்துவைக்கலாம், ஆறு மணிக்குத் தண்ணீர் வந்ததும் கொட்டிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை என்றுதான் ஆரம்பித்தாள். பத்து தள்ளு தள்ளியதும் குவியல் திரும்ப அவள் பக்கமே சரிந்தது. குவிக்கவும் இடமில்லை. தெருவில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மணி நாலு.

பத்தே பத்து தள்ளு, அதற்குமேல் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொக்கியை மாட்டி மூடியைத் தூக்கினாள். விரல் நீட்டவில்லை, சரி சொல்லவில்லை. உள்ளே கறுப்பாய்க் கிடந்தது. தண்ணீர் ஓடாத வாய்க்கால் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

பத்து, பதினைந்தானது. ஒரு தடவை வாயைத் திறந்துவிட்ட பள்ளம் எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொண்டது. முதுகு விண்விண் என்று தெறித்தாலும் மனசு லேசாகிக்கொண்டே போனது. கடைசியில் எண்ணுவதையே விட்டுவிட்டாள். ஐந்தரைக்கு வாசல் பளிச்சென்று இருந்தது. மூடியைச் சத்தமில்லாமல் இறக்கிவைத்து, மேலே கொஞ்சம் புதுப்பனி தூவிவிட்டு உள்ளே போனாள். அறுபத்தொரு வயதில், திருட்டுத்தனமாய் மாங்காய் பறித்தவள்போல் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்பதை மறைப்பதில் என்ன லாபம்.

ஆறேகாலுக்கு அவள் தலையை உலர்த்திக்கொண்டிருக்கும்போது வெளியே கூச்சல் கேட்டது.

"தண்ணி! தண்ணி ஏறுது! யாராவது பம்பு வீட்டுக்குப் போன் பண்ணுங்க!"

கதவைத் திறந்து பார்த்தாள். அவளும் தொகுஜியும் திறக்கும் மூடிக்கு அடுத்த, மேல்பக்கத்து மூடிக் கம்பிகளின் வழியே தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்துகொண்டிருந்தது. பனிக்கூழும் தண்ணீருமாய் ரோட்டில் பரவி, தொகுஜியின் வாசற்படி ஏறி, கதவுக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது. தொகுஜி ரப்பர் பூட்ஸோடு அதன் நடுவில் நின்று, போனைக் காதில் வைத்து, "ஷிமோதாதே அடைப்பு. நிறுத்துங்க. ஆமா, முழுசா நிறுத்துங்க" என்று ரயில் அறிவிப்புபோல் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொமியே ஈரத் துண்டோடு வாசலிலேயே நின்றாள். பனிக்கட்டி எங்கே அடைத்திருக்கும் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

தெருவே கூடிவிட்டது. தண்ணீர் நின்றது. அதோடு பன்னிரண்டு வீட்டு முறையும் போயிற்று. எல்லாருடைய வாசலிலும் இரவு பெய்தது அத்தனையும் அப்படியே கிடந்தது. சலவைக்கடை ஹருயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். அந்தத் தெருவில் வாய் என்றால் அவள் வாய்தான்.

"நேரத்துக்கு முன்னாடி எவனோ கொட்டியிருக்கான். எவனோன்னு என்ன, ஊருக்கே தெரியும். எங்க அந்த மகராசன்? வேலை முடிஞ்சு வந்து இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குறானா?"

அவள் சொன்னது கடைசி வீட்டுக் குரைஷியை. முப்பத்து நான்கு வயது, தனி ஆள். பனி என்றால் என்னவென்றே தெரியாத தெற்குக் கடற்கரை ஊரிலிருந்து, ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு வந்தவன். ஜனவரியில் இரண்டு தடவை விடியுமுன் கொட்டிவிட்டான். தொமியேதான் அறிவிப்பு அட்டையில் சிவப்பு மையால், 'நேரத்துக்கு முன் கொட்டி அடுத்தவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டாம்' என்று எழுதினாள். பெயர் போடவில்லை, போடாமலே எல்லாருக்கும் தெரியும். அட்டை அவன் வீட்டுக்கும் போயிற்று. படித்ததற்கு அடையாளமாய் அவனும் தன் கட்டத்தில் முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குக் கொடுத்திருந்தான்.

குரைஷி தூங்கவில்லை. மெல்லிய ஜாக்கெட்டோடு, தோளில் மண்வெட்டியோடு தெருக்கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தான். அப்போதுதான் வேலையிலிருந்து வந்தவன் என்பது, தொப்பியில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாங்க சார், வாங்க. நல்லாத் தூங்கினீங்களா?" என்றாள் ஹருயே. "தொகுஜி அண்ணன் வீட்டுக்குள்ள மீன் விடலாம் போலிருக்கு. பாத்தீங்களா?"

குரைஷி தண்ணீரைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். நான் இல்லை என்று சொல்லப்போகிறான் என்று தொமியே காத்திருந்தாள். சொன்னால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள். அவன் தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளையக் குனிந்து, "எல்லாருக்கும் தொந்தரவாப் போச்சு. மன்னிச்சிடுங்க" என்றான். சொல்லிவிட்டு, மண்வெட்டியோடு நேரே போய் ஓர் ஓரமாய் வெட்ட ஆரம்பித்தான். வாதம் பண்ணிக்கொண்டு நின்றால் வேலை இன்னும் தாமதமாகும், மன்னிப்புக் கேட்டுவிட்டால் சீக்கிரம் தூங்கப்போகலாம் என்று அவன் கணக்குப் போட்டிருக்கவேண்டும். அந்த ஊரில் அது யாரும் போடுகிற கணக்குதான்.

தொமியே உள்ளே வந்தாள். மணி ஆறு ஐம்பது. எய்சாகுவுக்குச் சோறும் மிசோ சூப்பும் வைத்தாள். புகை போட்ட முள்ளங்கி ஊறுகாயை நறுக்கி வைத்தாள். நல்ல கோட்டை மாட்டினாள். பையை எடுத்தாள்.

"என்ன சத்தம்? யாரு வேலை?" என்றார் எய்சாகு.

"எனக்கென்ன தெரியும்."

"அந்தத் தெக்கத்திப் பையனாத்தான் இருக்கும்."

அவள் பூட்ஸை மாட்டினாள்.

வாசலில் ஏழெட்டுப் பேர் மூடிகளைத் திறந்துவைத்துக் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார்கள். குரைஷி இடுப்பளவு பள்ளத்துக்குள் இறங்கியிருந்தான். அடைப்பு எங்கே என்று தெரியாததால் தப்பான இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் பத்தடி கீழே தள்ளி வெட்டவேண்டும். பையோடு வந்த தொமியேவைப் பார்த்ததும் ஹருயேவின் குரல் இனித்தது.

"கெளம்பிட்டீங்களா அக்கா? போய்ட்டு வாங்க. இந்தக் களேபரத்துக்காகப் பஸ்ஸை விட்றாதீங்க. வருஷம் பூரா எங்களுக்காக ஓடுறீங்க. செஞ்சவன் வாரட்டும்."

"சரி, நாளைக்கு வந்துடுவேன்" என்றாள் தொமியே.

நடந்தாள். மூன்று வீடு, நான்கு வீடு. மணி ஏழே கால், நேரம் தாராளமாய் இருந்தது. குரைஷியின் வீட்டைத் தாண்டும்போது பார்த்தாள். அவன் வாசல் வாரப்படவில்லை. கதவு வரைக்கும் ஒரே ஓர் ஆள் காலடித் தடம், முழங்கால் ஆழத்துக்கு, போனதும் வந்ததுமாக. கடைசி வீடு என்பதால் எதிர்வீட்டோடுதான் அவனுக்கு மூடி பங்கு, அந்த வீடு மூன்று வருஷமாய்ப் பூட்டிக் கிடக்கிறது. அந்த மூடிக்கு அவன் ஒருவன்தான். இரண்டாவது ஆள் இல்லை. இதைத் தெருத்தலைவி என்று பெயர் வைத்துக்கொண்டு இத்தனை நாளாய் யோசிக்கவே இல்லையே என்று அவளுக்கு உறைத்தது. தனியாகத் திறப்பதை யாரும் பார்த்துவிடக்கூடாது என்றுதானே அவன் இருட்டில் கொட்டியிருக்கிறான்?

தெருமுனைவரை போய்விட்டாள். அங்கே நின்றாள். தன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அந்தப் பையன் 'நான் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் இவள் பாட்டுக்குப் போயிருப்பாள். சூடான தண்ணீர் கண்ணுக்கு நேரே ஆவி பறந்தது. திரும்பி வந்தாள்.

"என்னக்கா, எதையாவது மறந்துட்டீங்களா?" என்றாள் ஹருயே.

"அங்க வெட்டாதீங்க. பத்தடி கீழ தள்ளி வெட்டுங்க. எங்க மூடிக்கு நேரா."

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"நான்தான் கொட்டினேன்" என்றாள் தொமியே. "நாலு மணிக்கு. பஸ்ஸைப் பிடிக்கணும்னு. எவ்வளவுன்னு எண்ணக்கூட இல்ல."

ஹருயேவின் வாய் திறந்தபடி நின்றது. அந்தத் தெரு அதை அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. யாரோ இருமினார்கள். பள்ளத்துக்குள்ளிருந்து குரைஷி தலையைத் தூக்கிப் பார்த்தான். தொமியே நல்ல கோட்டோடு, பையைக் கையில் பிடித்தபடி அவனுக்கு நேரே குனிந்தாள். "சிவப்பு மையில எழுதினதும் நான்தான்" என்றாள்.

"சிவப்பு மை நல்லாத் தெரிஞ்சுது அக்கா" என்றான் குரைஷி. கேலியா, நிஜமா என்று புரியவில்லை. அவனுக்குத் தூக்கத்தில் கண் சொருகியிருந்தது.

தொகுஜி மட்டும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "பத்தடி கீழ. கடப்பாரையைக் கொண்டாங்க" என்றார்.

கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுத் தொமியேவும் இறங்கினாள். பனி கல்லாய் இறுகியிருந்தது. குத்திக் குத்தி, வாரி வாரி, ஒரு வழியாய் ஓட்டை விழுந்தபோது மணி ஒன்பது இருபது. பம்பு வீட்டில் கெஞ்சி அரைமணி நேரத் தண்ணீர் வாங்கினார் தொகுஜி. பஸ் எப்போதோ மலை ஏறியிருக்கும். ஹருயே அவளிடம் பேசவில்லை. ஆனால் போகும்போது, "உள்ள போய் ஏதாவது சாப்பிடுங்க" என்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள்.

ரெய்க்கோவுக்குப் போன் போட்டாள்.

"வாசல்ல நின்னு நின்னு கழுத்து சுளுக்கிக்கிச்சு, எங்கடி போன?" என்றாள் ரெய்க்கோ. "ஒரு மணி பத்துக்கு இன்னொரு பஸ் இருக்கு. அதுலயும் வராம இருந்து பாரு, உன் பங்கு நண்டையும் நானே தின்னுடுவேன்."

"நான் வரல. எனக்கு மனசே இல்ல" என்றாள் தொமியே. ரெய்க்கோ அதைக் காதில் வாங்காமல் போனை வைத்துவிட்டாள்.

தொகுஜியின் வாசலில் ஏறிய தண்ணீர் அதற்குள் கண்ணாடியாய் உறைந்திருந்தது. தொமியே உளியும் சுத்தியுமாக உட்கார்ந்து பெயர்க்க ஆரம்பித்தாள். தொகுஜி உள்ளேயிருந்து ஈரமான பாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து சுவரில் சாய்த்துவைத்தார்.

"அண்ணே, திட்டுறதானா திட்டிடுங்க" என்றாள் கடைசியில். "சும்மா இருந்தீங்கன்னா எனக்குத்தான் கஷ்டமா இருக்கு."

"நாப்பத்து மூணு" என்றார் அவர்.

"என்னது?"

"நாப்பத்து மூணு தள்ளு கொட்டின. இருபது வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். தண்ணி வந்து உடைச்சிடும்னு. தப்புக் கணக்கு."

சுத்தி அவள் கையில் நின்றது. "பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"ஜன்னல்கிட்ட நின்னுட்டிருந்தேன். மூடி திறந்திருந்தா ரெண்டு பேர் இருக்கணும்ல." அவர் பாயின் ஈரத்தைத் துணியால் ஒற்றினார். "வெளிய வந்து கூப்பிட்டா திடுக்குன்னு திரும்புவ. பள்ளத்தோரம். வழுக்கிட்டா? அதான் விளக்கும் போடல. நீ மூடி மூடுற வரைக்கும் நின்னேன். அந்தத் தெக்கத்திப் பையன் திறந்த ரெண்டு தடவையும் போய் நின்னேன். அவன் வீட்டுக்கு எதிர்ல, பூட்டின வீட்டு முற்றத்துல. அவனுக்குத் தெரியாது. சொல்லாத."

தொமியே குனிந்து ஐஸைப் பெயர்த்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது, கையுறையால் துடைத்தாள். தன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறினபோதும், குரைஷிமேல் பழி விழுந்தபோதும் ஏன் இவர் வாயைத் திறக்கவில்லை என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது.

அதைக் கேட்டேவிட்டாள். "அவனைத் திட்டினாங்களே, அப்பவும் பேசாம இருந்தீங்களே?"

"நீ பஸ் ஏறினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் தொகுஜி. "நீதான் பாதியில திரும்பி வந்துட்ட."

அவள் சிரித்துவிட்டாள். எத்தனை வாரம் கழித்தோ வந்த சிரிப்பு, விலா எலும்பு வலித்தது.

"நாளைக்கு நம்ம மூடிகிட்ட அந்தப் பையன் நிக்கிறேன்னு சொல்லிட்டான்" என்றார் அவர். "முடிச்சுட்டு அவன் மூடிக்கு நான் போறேன். நீ ஒரு மணி பஸ்ஸுக்குப் போ. இங்க இருந்தா உன் மூஞ்சியப் பாத்து எல்லாருக்கும் சங்கடம்."

ஒரு மணி பத்து பஸ்ஸில் அவளைத் தவிர மூன்றே பேர். மலைப்பாதையில் இரண்டு பக்கமும் பனிச்சுவர், வெளியே பார்க்க ஒன்றுமில்லை. தூங்கிவிட்டாள். விடுதியில் ரெய்க்கோ கேட்டதற்கெல்லாம், "அடைப்பு எடுத்தோம்" என்று மட்டும் சொன்னாள். கழுத்துவரை வெந்நீரில் அமிழ்ந்தபோது வலி எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வோர் இடமாகத் தெரிந்தது. நண்டு சாப்பிட்டாள், ருசி நினைவில்லை. எட்டரைக்கே படுத்துவிட்டாள். காலையில் யாராவது எழுப்பினால் கொன்றுவிடுவதாகத் தோழிகளிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தாள்.

ஐந்து நாற்பதுக்குக் கண் தானாக விழித்துக்கொண்டது. எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியவில்லை. தெரிந்ததும், கழுதை, பழகின உடம்பு என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபக்கம் புரண்டாள். அப்போதுதான் கீழே அந்தச் சத்தம் கேட்டது. இரும்புக் கொக்கி இரும்புக் கம்பியில் மாட்டுகிற சத்தம்.

காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு எழுந்து, போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடியின் ஆவியைத் துடைத்தாள். விடுதி முற்றத்தில் வேலையாள் ஒருவர், நல்ல வயசாளி, மூடியைத் திறந்துவைத்துத் தனியாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாருமில்லை. பள்ளத்தின் விளிம்பில் அவர் பூட்ஸ் இருந்தது.

ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போட வாயெடுத்தவள், போடவில்லை. விளக்கையும் போடவில்லை. நின்றாள். பின்னால் ரெய்க்கோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். தரை பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது, ஒரு காலை மற்றக் காலின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தள்ளாக எண்ணினாள். பத்தொன்பதாவதோடு அவர் நிறுத்தி, மூடியை இறக்கி, காலால் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு நடந்தார்.

தொமியே கண்ணாடிக்கு நேராக விரலை நீட்டினாள். "மூடி மூடியாச்சு, சரி" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.